எனக்குப் பதில் நடப்பவன்

விராலிமலை
19.01.2025

பிரகதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு நீ அனுப்பிய வரகரிசியும் கொள்ளும் கிடைத்தன. கொள்ளை எதிர்வீட்டுக் கன்றுக்குட்டிக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு இளைக்கும் எண்ணம் எதுவும் இல்லை. ஆயினும் விரும்பித் தின்றது.

நீ கேட்டவற்றுக்கு விடை சொல்கிறேன். நடக்கிறேனா? இல்லை. மழைக்காலத்தில் விட்ட நடையை நான் மறுபடி தொடங்கவில்லை. தொடங்கும் எண்ணமும் இல்லை. சர்க்கரை? குறையாமல் இருக்கிறது. சென்ற ஆண்டு திருச்சி மருத்துவர் என் இதயக் குழாயில் வைத்த கம்பிவலை? அது அதன் இடத்தில் இருக்கிறது. நீதான் உன் இடத்தில் இல்லை.

கணவன் காலையில் மலையைச் சுற்றி நடக்கவில்லை என்பதற்காக ஓர் ஆசிரியை ஆவூருக்கு இடமாறுதல் வாங்கிக்கொண்டு போனாள் என்பதை என் கல்லூரியில் எவரிடமும் சொல்ல எனக்கு நா எழவில்லை. பணி வசதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். "நீங்கள் சாவதை உட்கார்ந்து பார்க்க மாட்டேன், நடக்கத் தொடங்கிய அன்று திரும்பி வருவேன்" என்று சொல்லிப் போனாய். நிபந்தனை விதிக்கும் மனைவியை எந்த வகையில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்ததல்லவா? நான் மருத்துவமனையில் கிடந்தபோது, பிழைத்தால் என் உருவத்தை மண்ணில் செய்து வைப்பதாகக் கண்மாய்க்கரை ஐயனாருக்கு நேர்ந்துகொண்டாய். அதை நிறைவேற்றிவிட்டேன். கோயில் பூசாரி முனியசாமி வேளாரே உருவங்களையும் செய்பவர் என்பதால் அலைச்சல் இல்லை. "கும்பிட்டு நிக்கிற மாதிரிதானே சார்?" என்றார். குணமானவரின் உடம்பை உள்ளது உள்ளபடி செய்து வைப்பதுதான் வழக்கமாம். நான் மறுத்தேன். இடது காலை முன்னெடுத்து வைத்து நடக்க வேண்டும், தொந்தி இருக்கக் கூடாது, முகம் மட்டும் என் முகமாக இருந்தால் போதும் என்றேன். அவர் என் வயிற்றை ஒரு முறை அளந்து பார்த்தார். "எனக்கு மண்ணு மிச்சம் சார். சாமிக்குத்தான் ஆளு அடையாளம் கொழம்பிப் போகும்" என்று சிரித்தார்.

என் உயரத்துக்கே செய்து, சுட்டு, சட்டைக்கு நீலம் பூசி நிறுத்தினார். கண் திறக்கும்போது உடம்புக்குரியவர் வாக்குச் சொல்ல வேண்டுமாம். "'இந்த ஒடம்பு ஒன் காவல்'னு மட்டும் சொல்லுங்க சார்" என்றார். நான் சொன்னது வேறு. "இனி எனக்குப் பதில் நடப்பது இவன் பொறுப்பு" என்றேன். அவர் கையில் இருந்த தூரிகை நின்றது. "வெளையாட்டுக்குச் சொல்றீங்களா, நெசமாத்தானா?" என்று கேட்டார். நிஜமாகத்தான் என்றேன். கண்ணைத் திறந்துவிட்டார்.

நீ கேட்டது நடக்கிற கணவன். கண்மாய்க்கரையில் நிற்கிறான், போய்ப் பார்த்துக்கொள்.

ஆ. ஆத்மநாதன்
இணைப் பேராசிரியர், வேதியியல்

*

ஆவூர்
16.02.2025

என் அன்புக்கு உரியவருக்கு,

பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதத்தில் பதவியைக் கூடப் போட்டுக் கையெழுத்திடும் ஒரே மனிதர் நீங்கள்தான். போன கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் பதில் எழுத மனம் வரவில்லை. வேண்டுதலில் விளையாடலாமா? ஆனால் இன்றைக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. ஏன் என்று உங்களுக்கே தெரியும், கள்ளம் பிடித்தவரே.

மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிற சந்தனம் நேற்றுப் போன் பண்ணினாள். "டீச்சர், சார் மறுபடி நடக்க ஆரம்பிச்சுட்டாருங்க. தெனமும் விடியக்காலம் மலையைச் சுத்துறாரு. என்னமா எளைச்சுட்டாரு! கல்யாண மாப்பிள்ளை தோத்தாரு போங்க" என்றாள். நான் வீடு பெருக்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கார செபமாலை டீச்சர் கண்டுபிடித்துவிட்டார்கள். "அழுவுறதுன்னா நேரா அழுங்க, வெளக்கமாத்த எதுக்குத் தேய்க்கிறீங்க?" என்றார்கள்.

இவ்வளவு நாள் விட்டுப்போயிற்றே என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்கு அந்தக் குணம் உண்டு. ஒருநாள் தவறினால் எல்லாமே பாழ் என்று மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடுவீர்கள். போன மழையிலும் அதுதானே நடந்தது? நடக்காத நாளெல்லாம் போகட்டும். இன்றைக்கு நடந்தீர்கள், அது போதும். பட்டினி கிடக்காதீர்கள். ராத்திரிக்குப் பரோட்டா வேண்டாம், இரண்டு இட்லி சாப்பிடுங்கள்.

இரண்டு சின்னக் குறை. செருப்பே இல்லாமல் நடக்கிறீர்களாமே? சர்க்கரைக்காரர் காலில் முள் குத்தினால் ஆறுமா? இன்னொன்று, தினமும் அதே நீலச் சட்டையாமே. துவைப்பதற்கு ஆள் இல்லை என்று ஊருக்குக் காட்டுகிறீர்களோ?

நீங்களாக ஒரு வரி "நடக்கிறேன்" என்று எழுதுங்கள். பெட்டியைக் கட்டிவிடுகிறேன்.

என்றும் உங்கள்,
பிரகதா

*

விராலிமலை
22.02.2025

பிரகதாவுக்கு,

நான் நடக்கவில்லை. இந்த வாக்கியத்தை இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

கல்லூரிக்குப் போகக் காரில் ஏறுகிறேன். திரும்பி வந்து இறங்குகிறேன். அந்த இரண்டு செயல்களுக்கு அப்பால் என் கால்கள் எதையும் செய்வதில்லை. என்னிடம் நீலச் சட்டையும் இல்லை, நீ அறிவாய்.

ஆனால் இந்த ஊருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. மருந்துக்கடைப் பிரவீன்குமார் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "சார், காலையில பார்த்தேன், செம ஃபிட்டு! என்ன டயட்டு சார்?" என்றான். சொல்லிக்கொண்டே பார்வை என் வயிற்றுக்கு இறங்கியது. வாய் திறந்தபடியே நின்றது. "காலையில வேற மாதிரி இருந்தீங்களே..." என்று இழுத்தான். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பார்வையை இப்போது தினமும் யாரேனும் ஒருவர் என்மேல் வைக்கிறார்கள். உண்மையான ஒருவரை முன்னே பார்த்துவிட்டு, பின்னால் வந்த போலியைப் பார்க்கிற பார்வை அது.

இது நீயும் உன் பூக்காரியும் சேர்ந்து நடத்தும் கேலி என்றே கருதுகிறேன். உடம்பு பெருத்த ஒருவனை வெட்கப்படுத்தி நடக்க வைக்கலாம் என்பது உங்கள் கணக்கானால், என்னை நீ அறிந்துகொள்ளவே இல்லை. வெட்கம் என்னை நகர்த்தாது. இன்னும் உறுதியாக உட்கார வைக்கும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், உன் மகிழ்ச்சிக்காக அல்ல. உணவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். எடை ஏறுகிறது. மருத்துவர் தம் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு, தாமே அதில் ஏறி நின்று பார்த்தார். இயந்திரம் சரியாகவே இருந்தது.

ஆ. ஆத்மநாதன்

*

ஆவூர்
09.03.2025

என் அன்புக்கு உரியவருக்கு,

எதை நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் கடிதம் மேசை மேல் இருக்கிறது. நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நீலச் சட்டையோடு நின்றீர்கள். சந்தனம் பொய் சொல்லவில்லை. நம் கல்யாணப் படத்தில் இருக்கிற அதே உடம்பு, அதே கழுத்தெலும்பு. முகம் மட்டும் இப்போதைய முகம். விராலிமலையிலிருந்து இவ்வளவு தூரம் நடந்தா வந்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்தேன், கையை நீட்டித் தடுத்துவிட்டீர்கள். அவ்வளவு தூரம் நடந்தவர் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

கோபத்தில் பேசாமல் இருப்பது உங்களுக்குப் புதிதா? அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். செபமாலை டீச்சர் எட்டிப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரரா? வாயத் தொறக்க மாட்டேங்குறாரே, ஊமைக் கோட்டானாட்டம்?" என்று காதில் கேட்டார்கள். "அவங்க கோவம் அப்படித்தான் டீச்சர்" என்றேன்.

பள்ளிக்கூடம் வரை என்னோடு நடந்து வந்தீர்கள். என் நடைக்கு ஏற்ப மெதுவாக. மலையைச் சுற்றிய நாட்களில்கூட நீங்கள் முன்னால் போவீர்கள், நான் ஓடி ஓடி வருவேன். எனக்காக நீங்கள் நடையைக் குறைத்தது இதுதான் முதல் தடவை. அன்று முதல் தினமும் வருகிறீர்கள். தூறல் விழுந்த ஒருநாள் மட்டும் வரவில்லை.

நேற்று சாலையைத் தாண்டும்போது உங்கள் கை என் கையில் பட்டது. புதுப்பானையைத் தொட்டதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், நீங்கள் நின்ற சிமெண்டுத் தரையில் செம்மண் தூள். துடைத்தேன். இன்றும் இருந்தது. இன்று துடைக்கவில்லை.

பயமாக இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் பயப்படுகிறவள் எழுதியதுபோல் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிரகதா

*

விராலிமலை
15.03.2025

பிரகதாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் கண்மாய்க்கரைக்குப் போனேன். சுட்ட மண் நடக்காது என்று நிறுவ எனக்கு வேதியியல் பட்டம் தேவையில்லை. கண் இருந்தால் போதும் என்று எண்ணினேன்.

சிலை அதன் பீடத்தில்தான் இருந்தது. ஆனால் முன்னே எடுத்து வைத்திருந்தது வலது கால். நான் செய்யச் சொன்னது இடது காலை.

குனிய முடியாத நான் குனிந்து பார்த்தேன். குதிகால் இரண்டும் கூழாங்கல்லைப் போல் வழவழவென்று தேய்ந்திருந்தன. உள்ளங்கால் விளிம்பில் கருவேல முள் ஒன்று ஒடிந்து நின்றது. முனியசாமி வேளாரை அழைத்துக் காட்டினேன். "மழையில கரைஞ்சிருக்கும் சார்" என்றார். மாசித் தூறலில் சுட்ட மண் கரையுமா என்று கேட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "இங்கிட்டு நின்னு பேச வேணாம், வாங்க" என்று என்னை அரசமரத்தடிக்கு அழைத்துப் போனார். "வாக்கு நீங்க குடுத்தது. அவன் பொறுப்புன்னு சொன்னீங்க. அவன் பொறுப்பாத்தான் இருக்கான். நாம கொறை சொல்ல முடியுமா சார்?" என்றார். என் மாணவன் எவனாவது ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு விளக்கம் சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். அங்கே வெளியே அனுப்பப்பட்டவன் நானாகவே இருந்தேன்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பற்றி உன்னிடம் வாதிடப் போவதில்லை. நிகழ்கிறது. ஆகவே கட்டளையாகச் சொல்கிறேன்: அவனைக் கேட்டுக்கு உள்ளே விடாதே. அவனோடு நடக்காதே. அவன் உனக்காக நடையைக் குறைத்தான் என்று எழுதியிருக்கிறாய். அவனுக்குக் கால் தேய்கிறது, பிரகதா. அது பரிவு அல்ல.

உளியும் கடப்பாரையும் வைத்திருப்பவர்கள் ஊரில் உண்டு. உடைத்துவிடச் சொல்லப் போகிறேன்.

ஆ. ஆத்மநாதன்

*

ஆவூர்
23.03.2025

என் அன்புக்கு உரியவருக்கு,

உடைக்க வேண்டாம். உங்கள் முகம் அதில் இருக்கிறது. நீங்கள் பிழைத்ததற்கு வைத்த உருவத்தை உடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

இன்று காலை நானே கண்மாய்க்கரைக்குப் போய் வேளாரைப் பார்த்தேன். இதற்கு ஒரே வழிதான் இருக்கிறதாம். "நடையை விட்டுக் குடுத்தவரே நடந்து எடுத்துக்கிடணும் டீச்சர். அவன் எங்க வரைக்கும் போறானோ, அங்க வரைக்கும் அவரு ஒருக்கா போயிட்டாப் போதும். பெறகு அவன் எடத்துல அவன் நின்னுக்குவான்" என்றார். அவன் வருவது என் வாசல் வரைக்கும்தான்.

ஒரே ஒருமுறை நடந்து வாருங்கள். காரில் இல்லை, பஸ்ஸில் இல்லை. நின்று நின்று வாருங்கள். வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வாருங்கள். பொழுது சாய்ந்து வந்தாலும் சரி. முதலில் மலையடிவாரம் வரை போய்ப் பழகுங்கள், மறுநாள் இன்னும் கொஞ்சம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். சித்திரை முதல் நாள் கேட்டில் நிற்பேன். நீங்கள் வந்தால் அப்படியே உங்களோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன், சீலையைக்கூட மாற்ற மாட்டேன்.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நேற்றும் அவரோடு நடந்தேன். "அவர்" என்று எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை. அவர் பேசுவதில்லை, ஆனால் நான் பேசுவதைக் கேட்கிறார். பரீட்சை டியூட்டி, முட்டுவலி, செபமாலை டீச்சர் வைக்கிற மீன்குழம்பு, எல்லாவற்றையும். எவ்வளவு நாளாயிற்று, என் பேச்சை ஒருவர் பாதியில் வெட்டாமல் கேட்டு!

சீக்கிரம் வாருங்கள். எனக்காகச் சொல்கிறேன்.

உங்கள்,
பிரகதா

*

விராலிமலை
08.04.2025

பிரகதாவுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். நீ விதித்த பயிற்சிகளைச் செய்யவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகுவது என் இயல்பு அன்று.

நெடுஞ்சாலையைக் கடந்து ஆவூர் சாலையில் திரும்பியதும் மூச்சு வாங்கியது. நின்றேன். மறுபடி நடந்தேன். சில நாட்களாகப் பாதங்கள் மரத்துக் கிடக்கின்றன. முழங்காலுக்குக் கீழே தோல் வற்றிய குளத்தின் தரையைப் போல் வெடித்திருக்கிறது. ஆகவே வலி இல்லை. வலி இல்லாத கால்களைத் தூக்கி வைப்பது எத்தனை கடினம் என்பதை வலியுள்ளவர்கள் அறியமாட்டார்கள்.

வழியில் இன்னாசி என்பவர் வைத்திருக்கும் தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆவூரு டீச்சர் வீட்டுக்காரருக்கு அண்ணனாங்க நீங்க?" என்றார். எந்த டீச்சர் என்றேன். "அட, தெனமும் இந்த வழியாத்தான் போறாரு. ஒரு டீ குடிக்க மாட்டாரு, கஞ்சப் பிசினாரி! இப்பத்தான் போனாரு. மூஞ்சி அப்படியே ஒங்க சாடை. நீங்க கொஞ்சம் பூசுனாப்ல இருக்கீங்க, அம்புட்டுதான்."

சாலையைப் பார்த்தேன். தொலைவில் நீலச் சட்டை போய்க்கொண்டிருந்தது. முதுகில் நனைவு இல்லை. இருபத்தாறு வயதில் எனக்கு இருந்த தோள்கள். ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறவனின் அவசரமின்மை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எழுந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

"எந்திரிங்க, அந்தா தெரியுற திருப்பம்தான். தாண்டுனா சர்ச்சுக் கோபுரம் தெரிஞ்சிரும்" என்று இன்னாசி கை கொடுத்தார். அந்தக் கையை நான் பற்றவில்லை. நான் காசு கொடுத்துச் செய்வித்த ஒரு பொருளின் பின்னால், அதன் இளைய தோற்றத்தோடு போட்டியிட்டுக்கொண்டு, என் மனைவியின் வாசலில் இரண்டாவதாகப் போய் நிற்பதா? பேருந்தை மறித்து ஏறித் திரும்பிவிட்டேன். மூச்சு முட்டியதால் அன்று. வர முடியாததால் அன்று. வர மறுத்தேன். இந்த வேறுபாட்டை நீ உணர வேண்டும்.

சனிக்கிழமை அதை உடைக்கச் சொல்லி வேளாருக்கு ஆணையிட்டிருக்கிறேன். சித்திரை முதல் நாள் நீ உன் வீட்டுக்கு வர வேண்டும், பேருந்தில். நிபந்தனைகள் போதும். நான் உன் கணவன். அதற்கு நடந்து காட்டித் தகுதி பெற வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆ. ஆத்மநாதன்

*

ஆவூர்
15.04.2025

மதிப்பிற்குரிய ஆத்மநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. இருந்தாலும் சித்திரை முதல் நாள் விடிந்ததிலிருந்து கேட்டில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக் குருத்தோலையைச் செபமாலை டீச்சர் கேட்டில் செருகியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எழுதியது கோபத்தில், மனசு மாறி வருவீர்கள் என்று நினைத்தேன். சாலையில் தொலைவில் ஒரு ஆள் தெரிந்தபோது, பருத்த ஆளாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

வந்தது அவர்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. செம்பை நீட்டினேன். வாங்கி, அண்ணாந்து, முழுவதையும் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. உள்ளங்காலில் முள் குத்தி இரத்தம் கசிந்திருந்தது. தரையில் உட்கார்ந்து மடியில் வைத்து எடுத்துவிட்டேன். "வலிக்குதுடி, மெதுவா" என்றார். உங்கள் குரல். ஆனால் அதில் என்மேல் கோபம் இல்லை. பிறகு, "கெளம்புவோமா? நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றார்.

சனிக்கிழமை வேளார் கடப்பாரையோடு போனாராம். பீடத்தில் எதுவும் இல்லையாம். நேற்றுச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினார். "எடம் வெறுமனே கெடக்கக் கூடாது டீச்சர். ஒரு உருவத்துக்குன்னு நேந்த எடம்" என்றார். உங்களால் அவ்வளவு நேரம் நிற்க முடியாதே, காலில் உணர்ச்சியே இல்லையாமே என்று அழுதேன். "நிக்க வேணாம். ஒக்காந்த வாக்குலயே வச்சுக்கிடலாம்" என்றார். வெயில் படாத இடமாகப் பார்த்து, அரசமர நிழல் விழும்படி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. இன்னும் ஒரு திருப்பம் தாண்டியிருந்தால் போதும். அதை நினைத்து ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். இனி அழ மாட்டேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் நடந்தே வீட்டுக்கு வருகிறோம். அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, வேளார் ஆட்களோடு வருவார். உங்கள் எடை தெரிந்துதான் ஆட்களைக் கூட்டி வருகிறார். அடம் பிடிக்காமல் அவர்களோடு போங்கள்.

வண்டி வாசலுக்கே வந்துவிடும். நீங்கள் ஓர் அடிகூட நடக்க வேண்டியதில்லை.

பிரகதாம்பாள் ஆத்மநாதன்